குவேக்கர்கள் யார்? மௌன வழிபாடு எப்படி அமைதிப் பணியாக மாறுகிறது?

2025ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள் குவேக்கர் என்ற பெயர் இரண்டு முறை செய்தியில் அடிபட்டது.

ஜனவரி 27 அன்று அமெரிக்காவின் சில குவேக்கர் சபைகள் அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை மீது வழக்குத் தொடுத்தன. வழிபாட்டுத் தலங்களுக்குள் புகுந்து குடியேறிகளைப் பிடிப்பதற்கு அதுவரை இருந்த கட்டுப்பாட்டை அத்துறை ஒரு வாரத்துக்கு முன்பு நீக்கியிருந்தது. அப்புறம் மார்ச் 27 மாலை, லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் குவேக்கர் வழிபாட்டு இல்லத்தின் முன்கதவை உடைத்துக்கொண்டு 20க்கும் மேற்பட்ட போலீசார் நுழைந்தார்கள். அங்கே வாடகைக்கு எடுத்திருந்த அறையில் 'யூத் டிமாண்ட்' என்ற போராட்டக் குழு புதியவர்களுக்காக அறிமுகக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தது. ஆறு இளம்பெண்கள் கைதானார்கள். நினைவு தெரிந்த வரை தங்கள் வழிபாட்டு இல்லத்துக்குள் யாரும் கைது செய்யப்பட்டதில்லை என்று பிரிட்டன் குவேக்கர்கள் அறிவித்தார்கள்.

இதைப் படித்தவர்களுக்கு இயல்பாகவே சில குழப்பங்கள் வந்தன. இவர்கள் கிறிஸ்தவர்களா, சமாதான இயக்கத்தாரா? தேவாலயம் என்றால் பாதிரியார் எங்கே? அகதிகள், போர் எதிர்ப்பு, சிறைச் சீர்திருத்தம், ஒரே பாலினத் திருமணம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விஷயங்களில் எல்லாம் இவ்வளவு சிறிய சபை ஏன் தலையிடுகிறது?

என் பார்வையில் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது அவர்கள் வழிபடும் முறை. அதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகவே விளங்கும். வழிபாட்டை விட்டுவிட்டு அவர்களது சமூகப் பணியை மட்டும் பார்த்தால் அது ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் வேலைப் பட்டியல் போலத்தான் தெரியும்.

எங்கிருந்து தொடங்கியது

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்து, 1649இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. அரசும் திருச்சபையும் சேர்ந்து ஆட்டம் கண்ட காலம். லெஸ்டர்ஷயரில் ஒரு நெசவாளரின் மகனாக 1624இல் பிறந்த ஜார்ஜ் ஃபாக்ஸ், ஊர் ஊராக அலைந்து பாதிரியார்களிடம் கேள்வி கேட்டார். எந்தப் பதிலும் அவருக்கு நிறைவு தரவில்லை. கடைசியில் அவர் கண்டடைந்தது இதுதான்: கடவுள் ஒவ்வொரு மனிதருக்குள்ளும் நேரடியாகப் பேசுகிறார், அதைக் கேட்க இடைத்தரகர் தேவையில்லை.

1652இல் வடமேற்கு இங்கிலாந்தில் அவர் பேச்சைக் கேட்கப் பெருங்கூட்டங்கள் திரண்டன. அல்வர்ஸ்டன் ஊருக்கு அருகே ஸ்வார்த்மோர் மாளிகையில் வாழ்ந்த மார்கரெட் ஃபெல் இயக்கத்தில் சேர்ந்து, அந்த வீட்டையே அதன் தலைமையிடமாக்கினார். கடிதங்கள் அங்கே வந்து சேர்ந்தன. சிறையில் இருப்பவர்களின் குடும்பங்களுக்குப் பணம் அங்கிருந்து போனது. பெண்கள் பிரசங்கிக்கலாம் என்று வேத வசனங்களைக் கொண்டே வாதிட்டு 1666இல் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அப்போது அவரும் சிறையில்தான் இருந்தார். ஃபாக்ஸ் மட்டுமே நிறுவனர் என்று எழுதுவது வழக்கம்; மார்கரெட் ஃபெல் இல்லாமல் இந்த இயக்கம் பத்து வருடம் தாண்டியிருக்காது என்பது என் கருத்து.

அவர்கள் தங்களை 'நண்பர்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். அதிகாரப்பூர்வப் பெயர் இன்றும் 'நண்பர்களின் சமயச் சங்கம்' என்பதுதான். 'குவேக்கர்', அதாவது நடுங்குகிறவர், என்பது எதிரிகள் வைத்த கேலிப் பெயர். கடவுளின் வார்த்தைக்கு முன் நடுங்குங்கள் என்று ஃபாக்ஸ் சொன்னதை 1650இல் டார்பி நகர நீதிபதி ஒருவர் பரிகாசம் செய்ததில் அது ஒட்டிக்கொண்டது.

பாதிரியார் வேண்டாம் என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. நீதிபதிக்கு முன் தொப்பியைக் கழற்ற மறுத்தார்கள். பிரபுவையும் வேலைக்காரரையும் ஒரே மாதிரி ஒருமையில் அழைத்தார்கள். உண்மை பேசுவது எப்போதும் கடமை என்பதால் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் எடுக்க மாட்டோம் என்றார்கள். சர்ச்சுக்குக் கட்டவேண்டிய தசமபாக வரியைக் கட்டவில்லை. மன்னராட்சி திரும்பிய பிறகு, 1662இலும் 1664இலும் வந்த சட்டங்கள் அவர்கள் கூடுவதையே குற்றமாக்கின. ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். நூற்றுக்கணக்கானோர் அங்கேயே இறந்தார்கள். பிரிஸ்டல் நகரில் 1682இல் பெரியவர்கள் எல்லாரும் சிறையில் இருந்தபோது பிள்ளைகள் கூடி மௌன வழிபாட்டைத் தொடர்ந்தார்கள். அட்லாண்டிக்கின் மறுகரையில் பாஸ்டன் நகரில் நிலைமை இன்னும் கொடுமை. அங்கே 1659 முதல் 1661 வரை நான்கு குவேக்கர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் மேரி டையர் என்ற பெண்.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு வழக்கு உலகம் முழுவதற்கும் பயன்பட்டது. 1670இல் லண்டனில் வழிபாட்டு இல்லத்தைப் படை வீரர்கள் பூட்டிவிட, வில்லியம் பென் தெருவிலேயே நின்று பேசினார். சட்டவிரோதக் கூட்டம் என்று அவர்மீதும் வில்லியம் மீட் மீதும் வழக்கு. குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல ஜூரிகள் மறுத்தார்கள். உணவும் தண்ணீரும் கொடுக்காமல் அடைத்து வைத்தும் அவர்கள் மசியவில்லை. அபராதம் விதித்துச் சிறையில் தள்ளினார் நீதிபதி. ஜூரிகளில் ஒருவரான எட்வர்ட் புஷெல் மேல் நீதிமன்றம் போனார். ஜூரியின் மனச்சாட்சிப்படியான தீர்ப்புக்காக அவரைத் தண்டிக்க முடியாது என்ற விதி அங்கே நிலைபெற்றது. பின்னாளில் பென்சில்வேனியா என்ற குடியேற்றத்தை, 1681இல் மன்னர் கொடுத்த பட்டயத்தின்படி அமைத்தவர் இதே வில்லியம் பென்.

ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது

பிரிட்டனிலும் அமெரிக்காவின் பல பகுதிகளிலும் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு இப்படித்தான் நடக்கும். நாற்காலிகளோ பெஞ்சுகளோ வட்டமாகவோ சதுரமாகவோ போடப்பட்டிருக்கும். நடுவில் ஒரு மேசை. அதில் பெரும்பாலும் பூக்களும் பைபிளும் சபையின் நூலும் இருக்கும். சிலுவையோ பலிபீடமோ பிரசங்க மேடையோ கிடையாது. முதலில் வருகிறவர் உட்கார்ந்த உடனேயே வழிபாடு தொடங்கிவிட்டது என்று பொருள். யாரும் மணி அடிப்பதில்லை.

பிறகு மௌனம். சில வாரங்களில் ஒரு மணி நேரம் முழுவதும் யாரும் பேசாமலே போகலாம். சில வாரங்களில் யாராவது ஒருவர் எழுந்து நின்று இரண்டு மூன்று நிமிடம் பேசுவார். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியராக இருக்கலாம், முதன்முறை வந்த மாணவராக இருக்கலாம். பேச வேண்டும் என்று உள்ளுக்குள் உந்துதல் வந்தால்தான் பேச வேண்டும் என்பது விதி. அவர் சொன்னதற்கு அடுத்தவர் உடனே பதில் சொல்லக் கூடாது. இடையில் போதிய மௌனம் இருக்க வேண்டும். விவாதம் நடத்தும் இடமல்ல அது. முன்கூட்டியே தயாரித்துக்கொண்டு வருவதையும் ஊக்குவிப்பதில்லை. குழந்தைகள் பொதுவாக முதல் பதினைந்து நிமிடமோ கடைசிப் பதினைந்து நிமிடமோ பெரியவர்களோடு அமர்வார்கள். மூப்பர்களாக நியமிக்கப்பட்ட இருவர் கைகுலுக்கினால் வழிபாடு முடிந்தது. எல்லாரும் பக்கத்தில் இருப்பவரின் கையைக் குலுக்குவார்கள். அப்புறம் அறிவிப்புகள், தேநீர்.

தனியாக உட்கார்ந்து தியானம் செய்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் வெளியில் இருந்து பார்ப்பவர்கள் தவறவிடுகிறார்கள். குவேக்கர்கள் சேர்ந்து காத்திருக்கிறார்கள். கடவுளின் சொல் யார் வழியாக வரும் என்று யாருக்கும் தெரியாது. எனவே அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்தச் சொல்லைக் கொண்டுவரக் கூடியவர். ஒருவர் வராமல் போனால் ஒரு பார்வையாளர் குறைந்தார் என்று ஆகாது. ஒரு வாய்ப்பே குறைந்துவிட்டது.

அமெரிக்க வழக்கின் சாரமும் இதுவே. குடியேறிகள் கைதுக்குப் பயந்து வராமல் போனால் எங்கள் வழிபாடே குறைபடுகிறது, ஆகவே இது மதச் சுதந்திரத்தில் தலையிடுவது என்று குவேக்கர் சபைகள் வாதிட்டன. மேரிலாந்து மாவட்ட நீதிபதி தியோடர் சுவாங் 2025 பிப்ரவரி 24 அன்று இடைக்காலத் தடை வழங்கினார். அது வழக்குத் தொடுத்த சபைகளின் இடங்களுக்கு மட்டுமே பொருந்தும், நாடு முழுவதற்கும் அல்ல. பாதிரியார் நடத்தும் வழிபாட்டில் இந்த வாதம் இவ்வளவு கூர்மையாக நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான். ஏனென்றால் அங்கே பத்துப் பேர் வராவிட்டாலும் பூசை நடந்துவிடும்.

எதெல்லாம் இல்லை, அதனால் என்ன ஆகிறது

இந்த மரபில் இல்லாதவற்றை வரிசையாகப் பார்த்தால் அவர்களின் வாழ்க்கை முறை தெளிவாகும்.

1. சம்பளம் வாங்கும் போதகர் இல்லை. அதனால் நோயாளிகளைப் பார்ப்பது, இறுதிச் சடங்கு நடத்துவது, கணக்கு எழுதுவது, கட்டடத்தைப் பராமரிப்பது எல்லாம் உறுப்பினர்கள் தலையில். பொறுப்புகளுக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள்.

2. ஞானஸ்நானமோ திருவிருந்தோ இல்லை. வாழ்க்கை முழுவதுமே புனிதம் என்றால் சில சடங்குகளை மட்டும் ஏன் பிரித்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. சேர விரும்புகிறவர் விண்ணப்பிப்பார். இரண்டு உறுப்பினர்கள் அவரைச் சந்தித்து நிதானமாகப் பேசுவார்கள். பல ஆண்டுகள் வந்து போயும் உறுப்பினராகச் சேராதவர்களும் உண்டு. அவர்களை யாரும் விரட்டுவதில்லை.

3. மனப்பாடமாக ஒப்புவிக்கும் விசுவாச அறிக்கை இல்லை. அதற்குப் பதிலாகச் சில அறிவுரைகளும் கேள்விகளும் வைத்திருக்கிறார்கள். பிரிட்டன் குவேக்கர்களிடம் அப்படி 42 பத்திகள் உண்டு. உன் நடத்தையில் இது இருக்கிறதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் வகையில் அவை எழுதப்பட்டிருக்கின்றன.

4. திருமணத்தை நடத்தி வைக்க ஆள் இல்லை. மணமக்கள் எழுந்து நின்று ஒருவருக்கொருவர் உறுதி சொல்வார்கள். வந்திருக்கும் எல்லாரும், கையெழுத்துப் போடத் தெரிந்த குழந்தைகள் உட்பட, சான்றிதழில் சாட்சியாகக் கையெழுத்திடுவார்கள். 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் எல்லாரும் இங்கிலாந்துத் திருச்சபையில்தான் மணம் செய்ய வேண்டும் என்றபோது குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தது.

கட்டடத்தை வெளியாருக்கு வாடகைக்குக் கொடுப்பதும் இந்த வாழ்க்கையின் ஒரு பகுதி. போதைப் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்கள், அகதிகளுக்கு மொழி கற்றுத்தரும் வகுப்புகள், போராட்டக் குழுக்கள் என்று பலரும் வந்து போவார்கள். வருமானமும் வருகிறது, ஊருக்குக் கதவும் திறந்திருக்கிறது. அறையை வாடகைக்கு எடுக்கும் எல்லாருடைய கொள்கையையும் சபை ஏற்றுக்கொண்டது என்று பொருளில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் செய்தியைப் படித்தவர்களில் பலர் தடுமாறியது இந்த இடத்தில்தான்.

வாக்கெடுப்பு இல்லாமல் எப்படி முடிவெடுப்பது

குவேக்கர் சமூக வாழ்க்கையில் மிகவும் சுவாரசியமானதும் வெளியில் அதிகம் தெரியாததும் அவர்களது நிர்வாகக் கூட்டம். அதையும் அவர்கள் வழிபாடு என்றுதான் கருதுகிறார்கள். கூரையைப் பழுது பார்ப்பதா என்பதிலிருந்து அரசின் சட்டத்தை மீறுவதா என்பது வரை எல்லாம் இந்த முறையில்தான் தீர்மானமாகிறது.

1. கூட்டம் மௌனத்தில் தொடங்கும். கிளார்க் என்று அழைக்கப்படும் பொறுப்பாளர் விஷயத்தை முன்வைப்பார். அவருக்குத் தலைவர் அதிகாரம் எதுவும் இல்லை.

2. பேச விரும்புகிறவர் எழுந்து நிற்பார். கிளார்க் அழைத்த பிறகு, ஒரே தடவை, சுருக்கமாகப் பேசுவார். இருவர் பேச்சுக்கு நடுவில் மௌனம் இருக்கும்.

3. வாக்கெடுப்பே கிடையாது. பேச்சுகளைக் கேட்டு, கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் சேர்கிறது என்பதைக் கிளார்க் உணர்ந்து, அங்கேயே குறிப்பு எழுதி வாசிப்பார். பொருந்தவில்லை என்றால் திருத்துவார்கள். எல்லாரும் ஏற்ற பிறகே அடுத்த விஷயம்.

4. ஒருவருக்கு ஒப்புதல் இல்லை, ஆனால் தடுக்கவும் விரும்பவில்லை என்றால் அவர் விலகி நிற்கலாம். கருத்து வேறுபாடு ஆழமாக இருந்தால் விஷயம் அடுத்த மாதத்துக்கோ அடுத்த ஆண்டுக்கோ போகும்.

இது ஒருமித்த கருத்தைத் தேடும் பேரம் இல்லை என்று அவர்கள் அழுத்திச் சொல்வார்கள். ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதை அவர்கள் தேடவில்லை. கடவுளின் சித்தம் என்ன என்று சேர்ந்து தேடுகிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத வாசகரும் இதில் ஒன்றைக் கவனிக்கலாம். 51 சதவீதம் பேர் 49 சதவீதம் பேரைத் தோற்கடிக்கும் வழி இங்கே இல்லை. தனியாக நிற்கும் ஒருவர் சொல்வதையும் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் உண்மை அவர் பக்கம் இருந்துவிடலாம்.

இதற்குக் கொடுக்கும் விலை காலம். அந்த விலை எவ்வளவு பெரியது என்பதை அடிமை முறை பற்றிய வரலாறு காட்டுகிறது.

88 ஆண்டுகள்

குவேக்கர்கள் அடிமை முறையை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். அது உண்மையல்ல. வில்லியம் பென்னே அடிமைகளை வைத்திருந்தார். பார்படோஸ் தீவிலும் பென்சில்வேனியாவிலும் வசதியான குவேக்கர்கள் அடிமை உழைப்பில் வாழ்ந்தார்கள். அடிமை வணிகத்திலும் ஈடுபட்டார்கள்.

1688இல் பிலடெல்பியாவுக்கு அருகே ஜெர்மன்டவுனில் நால்வர் ஒரு மனு எழுதினார்கள். உன்னை யாராவது இப்படி விற்றால் ஒப்புக்கொள்வாயா என்று அது நேரடியாகக் கேட்டது. உள்ளூர் மாதக் கூட்டம், இது நாங்கள் தீர்க்க முடியாத பெரிய விஷயம் என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. அது, அந்தப் பகுதிச் சபைகள் எல்லாவற்றுக்கும் மேலான அமைப்பாகிய ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. ஆண்டுக் கூட்டம் முடிவெடுக்காமல் ஒதுக்கிவிட்டது. வாக்கெடுப்பு இல்லாத முறையில் செல்வாக்குள்ளவர்களின் தயக்கமே முடிவாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிறகு தனிமனிதர்கள் வந்தார்கள். நாலடி உயரமே இருந்த பெஞ்சமின் லே, 1738இல் ஆண்டுக் கூட்டத்துக்குப் படை வீரர் உடையை மேலங்கிக்குள் மறைத்து அணிந்து வந்தார். குடையப்பட்ட ஒரு புத்தகத்துக்குள் சிவப்புப் பழச்சாறு நிறைந்த பையை வைத்திருந்தார். அடிமை வைத்திருப்பவர்களைக் கண்டித்துவிட்டு, வாளால் அதைக் குத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் மேல் சாறு ரத்தம் போலத் தெறித்தது. சபை அவரை வெளியேற்றியது. ஜான் உல்மன் வேறு வழியில் போனார். அவர் வீடு வீடாகச் சென்று அடிமை வைத்திருந்த குவேக்கர்களிடம் அமைதியாகப் பேசினார்; அவர்கள் வீட்டில் தங்கினால் தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்தார்; அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையைச் சாப்பிட மறுத்தார். பள்ளி ஆசிரியரான அந்தோனி பெனசெட் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார், கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமைகளை வாங்கவோ விற்கவோ கூடாது என்ற நிலையை எட்டியது. 1776இல் அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று தீர்மானித்தது. முதல் மனுவிலிருந்து 88 ஆண்டுகள். அந்த 88 ஆண்டுகளில் எத்தனை பேர் அடிமைகளாகவே பிறந்து அடிமைகளாகவே இறந்திருப்பார்கள்! குவேக்கர் முறையைப் புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அரசாங்கம் கட்டாயப்படுத்தாமல், தன் செல்வந்த உறுப்பினர்களின் நலனுக்கு எதிராக, ஒரு சமூகம் தானாக இந்த முடிவுக்கு வந்தது. வந்த பிறகு பின்வாங்கவில்லை. 1787இல் லண்டனில் அடிமை வணிக ஒழிப்புக் குழுவைத் தொடங்கிய 12 பேரில் 9 பேர் குவேக்கர்கள். எல்லாரும் ஏற்ற பிறகே எடுத்த முடிவு என்பதால், அதைச் செயல்படுத்தும்போது முணுமுணுக்கும் சிறுபான்மை இல்லாமல் போனது.

அப்போதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அடிமை முறையை எதிர்த்த அதே பிலடெல்பியாவில், கறுப்பினத்தவர் வழிபாட்டுக்கு வந்தால் தனி பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. ஆசிரியர் சாரா மாப்ஸ் டக்ளஸ் தன் தாயார் அனுபவித்த இந்த அவமானத்தை எழுத்தில் பதிவு செய்தார். பெண்கள் முதலிலிருந்தே பிரசங்கித்தார்கள், ஆனால் நிர்வாகக் கூட்டங்கள் நெடுங்காலம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகவே நடந்தன. அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளை அவர்களின் மொழியிலிருந்தும் பண்பாட்டிலிருந்தும் பிரித்த உறைவிடப் பள்ளிகள் சிலவற்றை நடத்தியவர்களும் குவேக்கர்கள்தான். பிரிட்டன் ஆண்டுக் கூட்டம் 2022இல், அடிமை வணிகம், காலனியம், பொருளாதாரச் சுரண்டல் ஆகியவற்றில் தங்களுக்கு இருந்த பங்குக்கு நடைமுறை ஈடு செய்ய உறுதி எடுத்தது.

போருக்கு மறுப்பு

மன்னர் இரண்டாம் சார்லஸ் பதவிக்கு வந்த சிறிது காலத்தில், 1661 ஜனவரியில் லண்டனில் ஒரு சமயக் குழு ஆயுதக் கிளர்ச்சி நடத்தியது. சந்தேகத்தின் பேரில் ஆயிரக்கணக்கான குவேக்கர்களும் பிடிபட்டார்கள். அப்போது ஃபாக்ஸும் மற்றவர்களும் மன்னருக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். எந்த நோக்கத்துக்காகவும், கிறிஸ்துவின் ராஜ்யத்துக்காகவே ஆனாலும், வெளி ஆயுதங்களால் போரிட மாட்டோம் என்றது அது. அதற்கு முன்பு, உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த குரோம்வெல்லின் படையில் இருந்த குவேக்கர்களும் உண்டு. அமைதிக் கொள்கை நெருக்கடியில்தான் உருத்திரண்டது. ஆனால் அதன் வேர் வழிபாட்டில் இருக்கிறது. எதிரில் நிற்கிறவருக்குள்ளும் கடவுள் பேசக்கூடும் என்றால் அவரைக் கொல்வது அந்தக் குரலை அடைப்பதாகும்.

இந்தக் கொள்கையைக் கடைப்பிடிப்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி அமையவில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டனின் இளம் குவேக்கர் ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ராணுவத்தில் சேர்ந்தார். மற்றவர்களில் சிலர் 1914இல் தொடங்கிய நண்பர்கள் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள். வேறு சிலர், ஆம்புலன்ஸ் ஓட்டுவதும் போருக்கு உதவுவதே என்று சொல்லி, 1916இன் கட்டாய ராணுவச் சட்டத்தை முழுவதுமாக மறுத்துச் சிறை சென்றார்கள். சபை இந்த மூன்று தரப்பையும் தன்னோடு வைத்துக்கொண்டது.

போர் முடிந்த பின் ஜெர்மனியில் பட்டினி. தோற்ற நாட்டின் குழந்தைகளுக்குச் சோறு போட 1917இல் உருவான அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு முன்வந்தது. உச்சத்தில் நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் குழந்தைகளுக்கு உணவு தரப்பட்டது. 1938-39இல் நாஜிகளிடமிருந்து யூதக் குழந்தைகளைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டில் பெர்த்தா பிரேசி என்ற குவேக்கர் பெண்ணின் பங்கு பெரியது. ஏறத்தாழ 10,000 குழந்தைகள் அப்படித் தப்பினார்கள். 1947இல் பிரிட்டன், அமெரிக்க குவேக்கர்களின் இரண்டு சேவை அமைப்புகளுக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியாவோடும் இந்தச் சங்கிலி இணைகிறது. உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன், 1930 மார்ச்சில் வைசிராய் இர்வினுக்குக் காந்தி எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற இளம் ஆங்கிலேயக் குவேக்கர். வங்கத்தில் ஆம்புலன்ஸ் பிரிவின் பணியை நடத்திய ஹொரேஸ் அலெக்சாண்டர், 1947 ஆகஸ்டில் கல்கத்தாக் கலவரத்தை அடக்கக் காந்தி தங்கியிருந்த வீட்டில் உடன் இருந்தார். 1928இல் சென்னை பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியராக வந்த மார்ஜரி சைக்ஸ், பின்பு குவேக்கர் ஆகி, சேவாகிராமத்தில் ஆதாரக் கல்விப் பணி செய்து, கோத்தகிரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். நாகாலாந்துப் போர்நிறுத்தத்தைக் கண்காணித்த குழுவிலும் அவர் இருந்தார்.

1965 இந்திய-பாகிஸ்தான் போருக்குப் பின் ஆடம் கர்ல், ஜோசப் எல்டர், லெஸ்லி மெட்காஃப் ஆகிய மூன்று குவேக்கர்கள் இரு நாட்டுத் தலைவர்களையும் மாறி மாறிச் சந்தித்தார்கள். இலங்கைப் போர்க்காலத்திலும் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே செய்தி கொண்டு சென்றவர்களில் எல்டர் ஒருவர். இந்த வகைச் சமரசப் பணிக்கு விளம்பரம் கிடையாது, இருக்கவும் கூடாது. ஒருவர் சொன்னதைத் தன் கருத்தைச் சேர்க்காமல் கேட்டு, மறுபக்கத்தில் அப்படியே சொல்ல வேண்டும். ஞாயிறுதோறும் பதில் சொல்லாமல் கேட்டுப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை என்பதில் வியப்பில்லை. ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் உள்ள குவேக்கர் ஐ.நா. அலுவலகங்கள் இன்றும் தூதர்களைச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்து, பெயர் வெளியிடாத உரையாடல்களை நடத்துகின்றன. சிறுவர்களைப் படையில் சேர்ப்பதற்கு எதிரான சர்வதேச விதிகளுக்காக அவை நெடுங்காலம் உழைத்தன.

சிறைக்குள்ளும் இதே வேலை நடக்கிறது. 1975இல் நியூயார்க் மாநிலத்தின் கிரீன் ஹேவன் சிறையில், கைதிகளின் கோரிக்கையின் பேரில் குவேக்கர்கள் தொடங்கிய 'வன்முறைக்கு மாற்று' பயிற்சி, பல நாடுகளுக்குப் பரவியது. இனப்படுகொலைக்குப் பிந்தைய ருவாண்டாவிலும், 2007 தேர்தலுக்குப் பின் வன்முறை வெடித்த கென்யாவிலும் அண்டை வீட்டாரைத் திரும்ப ஒரே அறையில் உட்கார வைக்க அது பயன்பட்டது.

யார் உள்ளே, யார் வெளியே

ஒரே பாலின உறவு குறித்து பிரிட்டன் குவேக்கர்களில் சிலர் 1963லேயே, உறவின் தரம்தான் முக்கியம், பால் அல்ல என்று ஒரு சிறு நூலில் வாதிட்டார்கள். அது சபையின் அதிகாரப்பூர்வ நிலை அல்ல. அந்த நிலைக்கு வர 46 ஆண்டுகள் ஆயின. 2009இல் யார்க் நகரில் கூடிய ஆண்டுக் கூட்டம், ஒரே பாலின இணையருக்கும் மற்றவர்களைப் போலவே திருமணம் நடத்துவோம் என்றும், அரசு சட்டத்தை மாற்ற வேண்டும் என்றும் தீர்மானித்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2014 மார்ச்சில். 2021இல் திருநர்களையும் முழு மனத்துடன் வரவேற்பதாகக் குறிப்பு எழுதினார்கள். இங்கேயும் அதே தர்க்கம்தான் ஓடுகிறது. எழுந்து பேச யாருக்கு வேண்டுமானாலும் அழைப்பு வரலாம் என்று நம்புகிறவர்கள், அன்பு மட்டும் சிலருக்கு மட்டுமே அருளப்பட்டது என்று எப்படிச் சொல்வார்கள்? அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணியை ஒருங்கிணைத்த பேயர்ட் ரஸ்டின் ஒரு குவேக்கர், கறுப்பினத்தவர், தன்பாலின ஈர்ப்புள்ளவர். அவருடைய பாலீர்ப்பைக் காரணம் காட்டி இயக்கத்துக்குள்ளேயே அவரைப் பின்னால் நிறுத்தியவர்கள் பலர்.

இதை வைத்து உலகக் குவேக்கர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உலகில் சுமார் 4 லட்சம் குவேக்கர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் உள்ள உறுப்பினர்கள் 15,000க்கும் குறைவு. அதிகமானோர் வாழ்வது கென்யாவில். 1902இல் அமெரிக்காவிலிருந்து மூன்று மிஷனரிகள் மேற்குக் கென்யாவின் கைமோசிக்கு வந்து தொடங்கிய சபை அது. அங்கே போதகர் உண்டு, பாட்டு உண்டு, பிரசங்கம் உண்டு. பொலிவியாவிலும் அப்படியே. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குவேக்கர்கள் 1827 முதல் பல பிரிவுகளாக உடைந்தார்கள். பைபிளின் அதிகாரமா, உள்ளே கேட்கும் குரலா எது முதல் என்ற சண்டை அது. அதில் பைபிளை முன்வைத்த பிரிவுகளிலிருந்து போன மிஷனரிகளே ஆப்பிரிக்க, தென் அமெரிக்கச் சபைகளை உருவாக்கினார்கள்.

கென்யச் சபைகளில் பெரும்பாலானவை ஒரே பாலினத் திருமணத்தை ஏற்பதில்லை. அமெரிக்காவிலும் இதே கேள்வியில் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் சில ஆண்டுக் கூட்டங்கள் பிளவுபட்டன. போர் மறுப்பிலும் சிறைப் பணியிலும் ஒன்றாக நிற்கிறவர்கள் இந்த இடத்தில் எதிரெதிராக நிற்கிறார்கள். வாக்கெடுப்பு இல்லை, போப் இல்லை, மேலிருந்து ஆணையிட உலகத் தலைமை இல்லை. நண்பர்களின் உலக ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு, பெயருக்கேற்ப அது ஆலோசனைதான் சொல்லும். 2024 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவில் அது கூட்டிய உலகக் கூட்டத்தில் மௌனமாகக் காத்திருப்பவர்களும் கைதட்டிப் பாடுகிறவர்களும் ஒரே கூரையின் கீழ் வழிபட்டார்கள். திருமணம் பற்றிய கருத்து வேறுபாடு அங்கே தீரவில்லை.